தறிச் சத்தம் என்று துடைக்கப்பட்ட பாட்டு

சின்ன வயதில் கேட்டதால் ஒரு பாட்டு நல்ல பாட்டாகத் தோன்றுகிறதா, அல்லது நல்ல பாட்டாக இருந்ததால்தான் சின்ன வயதிலிருந்து மனதில் நிற்கிறதா? எங்கள் தெருவில் குடியிருக்கும் ரேணுகாதேவி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் அப்போது தெரியாது. முப்பத்து நான்கு வருடம் தெரியாமலே இருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெரிந்தது. அதற்கு முன்னால் அவர் பட்ட எரிச்சல் கொஞ்சம் இல்லை.

ரேணுகாதேவிக்கு நாற்பத்தொன்பது வயது. ஆரணி கொசப்பாளையத்தில், வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துப் பட்டுப் புடவைகளுக்கு பார்டர் டிசைன் போட்டுக் கொடுக்கிறார். திரையில் கட்டம் கட்டமாக அவர் நிரப்புவதைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டை தறிக்கு மேலே, கொக்கிகளால் நூலைத் தூக்கி டிசைனை எடுக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏறும். வேலை செய்யும்போது அவர் காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும். அதில் ஓடுவது பக்திப் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. டிவியோடு இணைத்து ஓட்டும் வீட்டுக் கணினிகள் வந்த புதிதில், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில், அவற்றின் விளையாட்டுகளுக்காக வெளிநாட்டுக்காரர்கள் போட்ட இசை.

டிசைன் வாங்க வரும் சடையன் ஒருநாள் சொன்னார். "அம்மா, ஹெட்போன தாண்டி வருது, சவுண்ட கொஞ்சம் கொறைச்சிக்கோங்க. போன் அடிக்குதுன்னு மூணு வாட்டி பாக்கெட்ட தொட்டுட்டேன்."

ரேணுகாதேவி சத்தத்தைக் குறைத்தார். எரிச்சல் குறையவில்லை.

அவருடைய கணவர் அருணகிரி இன்னும் மோசம். பட்டு நூல் வாங்கி, தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவாக ஓட்டி, தறிக்காரர்களுக்குக் கொடுத்து வாங்குவது அவர் தொழில். நல்ல மனிதர். ஆனால் ஹெட்போனைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"இன்னா ரேணுகா, காதுக்குள்ள கொசு பூந்துகினு அலையுதா?"

"இது மூணு குரல்ல போட்ட பாட்டுங்க. அந்த மெஷின்ல ஒரே நேரத்துல மூணு சத்தம்தான் வரும். அதுல மேளம், அடிக்குரல், மெட்டு எல்லாம் அடக்கியிருக்கான்."

"மூணுதான் வரும்னா ஏன் அதுல பாட்டு போடுறான்? வேற மெஷின் வாங்க வேண்டியதுதானே?"

"உங்க ஜக்கார்டுல இருநூத்தி நாப்பது கொக்கிதான் கீது. அதுல மயிலு, யானை, தாமரை எல்லாம் எடுக்கச் சொல்றீங்கல்ல? எடுத்து குடுத்தா நல்லா இருக்குதுன்னு சொல்றீங்கல்ல?"

"அது புடவை."

அதோடு அந்தப் பேச்சு முடியும். இருபத்தாறு வருடமாக இப்படித்தான் முடிகிறது.

அந்த இயந்திரம் ஆரணிக்கு வந்ததே ஒரு தவறால். ரேணுகாதேவிக்குப் பதினான்கு வயது இருக்கும்போது, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய மாமா, பெண் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை எழுதட்டும் என்று மின்சார டைப்ரைட்டர் என்று நினைத்து ஒரு பெட்டி வாங்கி வந்தார். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் ரிப்பன் இல்லை, காகிதம் சொருக உருளை இல்லை. எழுத்துப் பலகை மட்டும் இருந்தது, அது வீட்டுக் கணினி. கூடவே ஒரு கேசட் பிளேயரும் விளையாட்டுக் கேசட்டுகள் இரண்டும் இருந்தன. மாமா மூன்று நாள் அந்தப் பெட்டிப் பக்கமே வரவில்லை. நான்காம் நாள் ரேணுகாதேவி அதை டிவியில் மாட்டினார். விளையாட்டு ஏறி முடியும்வரை கேசட் ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தியது. பிறகு திரையில் ஒரு குட்டி மனிதன் குதித்தான். பின்னால் இசை வந்தது.

அவர் விளையாடவே இல்லை. குட்டி மனிதனை ஒரு மூலையில் நிற்க வைத்துவிட்டு இசையைக் கேட்டார். மூன்று குரல்தான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. நிறைய பேர் வாசிப்பதாக நினைத்தார். பிறகு இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தபோதுதான் சூட்சுமம் புரிந்தது. மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டுமானால் அதற்கே மூன்று குரலும் போய்விடும். அதனால் ஒரே குரலில் அந்த மூன்று சுரங்களையும் ஒன்றன் பின் ஒன்றாக, விநாடிக்கு ஐம்பது முறை மாற்றி மாற்றி விட்டிருக்கிறார்கள். காது ஏமாந்து சேர்ந்து கேட்கிறது. மேளம் அடிக்க ஆள் இல்லை என்று அடிக்குரலே நடுவில் ஒரு நொடி இரைந்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்புகிறது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் பிடிக்கும் இடத்தில் அப்படி இருபது பாட்டை வைக்கலாம். வீணாக ஒரு சுரம் போட இடம் கிடையாது. இதை ரேணுகாதேவி எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்டவர்கள் "டொய்ங் டொய்ங்னு வருமே, அதுவா" என்றார்கள்.

பதினைந்தாவது வயதில் அவரே ஒரு பாட்டு போட்டார். மூன்று வாரம் ஆனது. எண்களாகவே எழுத வேண்டும், ஒரு எண் தவறினாலும் நாய் ஊளையிடுவதுபோல் கத்தும். முடித்ததும் டிவிக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து ஒரு கேசட்டில் பதிந்துகொண்டார். இயந்திரம் பின்னால் பழுதாகி, வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பழைய இரும்போடு போய்விட்டது. கேசட் மட்டும் பீரோவில், புடவைகளுக்கு அடியில் கிடந்தது. அதை ஓட்டிப் பார்க்க வீட்டில் டேப்ரிக்கார்டரும் இல்லை. ஆனால் அது நல்ல பாட்டு என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம், யூடியூபில் அப்படியொரு பழைய இசையின் கீழே அன்பழகன் என்பவர் தமிழில் எழுதியிருந்தார். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துபவர். அந்தக் காலத்து வீட்டுக் கணினிகளில் நம் பக்கத்து ஆட்கள் யாராவது சொந்தமாக இசை போட்டிருந்தால் அனுப்புங்கள், ஒரு தளத்தில் தொகுத்து வைக்கிறேன் என்று. ரேணுகாதேவி, "நான் போட்டிருக்கிறேன். ஆரணி, 1991" என்று எழுதினார். அடுத்த நாள் கீழே பதினோரு பேர் சிரித்திருந்தார்கள். "1991-ல ஆரணில கரண்டே கிடையாது", "ஆன்ட்டி கனவு கண்டுட்டாங்க" என்றெல்லாம். அன்பழகன் மட்டும் மரியாதையாகக் கேட்டார். "பதிவு ஏதாவது இருக்கிறதா அம்மா? ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொகுப்பை மூடுகிறேன்."

அருணகிரி அதையும் படித்தார். "நல்லா இருக்குதுன்னு நீ சொல்ற. பதினஞ்சு வயசுல கேட்டா அடுப்பு ஊதுற சத்தம்கூட நல்லாதான் இருக்கும். அப்ப வேற இன்னா கெடைச்சிது உனக்கு?"

இந்தக் கேள்விதான் ரேணுகாதேவியை மிகவும் எரிச்சல்படுத்தியது. இத்தனை நாள் ஊர் சிரித்தது, அது ஊருக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். இது அப்படி இல்லை. ஒருவேளை இவர் சொல்வது சரியாக இருந்தால்? தன்னுடைய பாட்டை விஷயம் தெரிந்த ஒருவர் கேட்டு நல்லது என்று சொல்லிவிட்டால் போதும், தான் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடும் என்று அவர் முடிவு செய்தார்.

வியாழக்கிழமை கேசட்டைப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் பார்த்திபன் கடையில் கொடுத்தார். பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருவது பார்த்திபனின் வேலை. முப்பது வயது இருக்கும். கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும்.

"நல்லா பத்திரமா பண்ணுடா. இதுக்கு வேற காப்பி கெடையாது."

"கவலையே படாதீங்கக்கா."

சனிக்கிழமை சாயங்காலம் பென்டிரைவ் வந்தது. கூடவே கேசட்டும் வந்தது, நாடா கசங்கி, நடுவில் அறுந்து. "ஒரு வாட்டி ஓடி முடிச்சிட்சிக்கா. திருப்பி போடச்சொல்ல மெஷின் தின்னுட்சி. ஆனா நீங்க பயப்படாதீங்க, மொதல் வாட்டியே ஏத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு பார்த்திபன் ஷட்டரை இறக்கினார். எங்கேயோ கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

ரேணுகாதேவி வீட்டுக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

ஒன்றும் இல்லை. பிறகு குக்கர் விசில் வருவதற்கு முன் ஒரு மெல்லிய இரைச்சல் வருமே, அதுபோல ஒன்று ஏறி இறங்கியது. மறுபடியும் ஒன்றும் இல்லை. இரண்டு நிமிடம் நாற்பது விநாடியும் இப்படியே போனது. மேளம் இல்லை, அடிக்குரல் இல்லை, மாற்றி மாற்றி விட்ட சுரங்கள் இல்லை. பார்த்திபனுக்கு ஒன்பது முறை போன் செய்தார். சுவிட்ச் ஆப்.

காலையில் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடை அய்யாக்கண்ணு, "மாமியார் வீட்டுல காதுகுத்து, பெரணமல்லூர் போய்க்கிறான். நாளைக்கு வருவான்மா" என்றார்.

"நாளைக்கு வந்து இன்னா பண்றது? இன்னிக்கி ஆறு மணிக்கு வேணும் எனக்கு."

"அப்ப பஸ்ஸ புடிங்க" என்றார் அய்யாக்கண்ணு.

பிடித்தார். முகூர்த்த ஞாயிறு. பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பெரணமல்லூரில் இறங்கி, ஒலிபெருக்கிச் சத்தத்தை வைத்தே பந்தலைக் கண்டுபிடித்தார். பார்த்திபன் பட்டு வேட்டியில், மடியில் மொட்டை அடித்த குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். ரேணுகாதேவியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, அக்கா. பத்திரிகை வைக்காமலே வந்துட்டீங்களே."

"பார்த்திபா, என் பாட்டு எங்கடா?"

அதற்குள் பார்த்திபனின் மாமியார் காத்தாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல வந்து உக்காருங்க. சாப்டுட்டு பேசுங்க."

"இல்லீங்க, நான் சாப்பிட வர்ல. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

"காது குத்தற வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட போனா கொழந்தைக்கு ஆகாதுங்க. உக்காருங்கம்மா."

குழந்தைக்கு ஆகாது என்று சொன்ன பிறகு யாரால் எழுந்து போக முடியும்? ரேணுகாதேவி பந்தியில் உட்கார்ந்தார். கேசரி வந்தது. கறிக்குழம்பு வந்தது. மணி பன்னிரண்டே முக்கால். வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தால் விரலிடுக்கில் ஊற்றினார்கள். ரசத்துக்கு வந்தபோது பார்த்திபன் எதிரில் வந்து குந்தினார்.

"நல்லா சுத்தமா இருந்திச்சாக்கா?"

"சுத்தமாதான்டா கீது. ஒண்ணுமே இல்ல அதுல. இன்னாடா பண்ண?"

"தறி சத்தத்த எடுத்துட்டேன்."

"தறி சத்தத்த யாருடா எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம்க்கா, நம்ம ஊரு கேசட்டுன்னா அது எப்பவும் பண்றதுதான். கல்யாண கேசட், பாட்டு கேசட், எது வந்தாலும் பின்னாடி லொட்டக்கு லொட்டக்குன்னு ஒரு தறி ஓடிகினு இருக்கும். அதனால ஒரு தறி சத்தத்த தனியா புடிச்சி வெச்சிகிறேன். அத காட்டி, இந்த மாதிரி கீறத எல்லாம் எடுத்துடுன்னு சொல்லிட்டா கம்ப்யூட்டரே தொடச்சிடும். உங்க கேசட்டுல மத்த எல்லாத்தவிட அதிகமா இருந்திச்சி. ஒரே லொடலொடலொடன்னு. நானே நெனச்சேன், தறிக்கு உள்ளயே உக்காந்து பதிஞ்சிட்டாங்க போலன்னு."

ரேணுகாதேவி சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். விநாடிக்கு ஐம்பது முறை மாறும்படி எண் எண்ணாகப் போட்ட சுரங்கள். மேளத்துக்காக இரைய வைத்த அடிக்குரல். தறி என்று துடைத்துவிட்டார்.

"அது தறி இல்லடா. அதுதான் பாட்டு."

பார்த்திபன் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நெசமாவா? பாட்டுன்னா அந்த விசிலு மாதிரி வர்ரதுதான்னு நெனச்சேன். அதுவும் கொஞ்சம் பேஜாராதான் இருந்திச்சி. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

"தொடைக்கறதுக்கு முன்னாடி இருந்தது?"

"அத அழிச்சிடுவேன்க்கா. எடம் பத்தாது."

இலையை மூட ரேணுகாதேவிக்கு ஒரு நிமிடம் ஆனது. முப்பத்து நான்கு வருடம் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்த பாட்டு, மூன்று நாளில் போய்விட்டது. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கை கழுவிவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்தபோது பார்த்திபன் பின்னாலேயே ஓடிவந்தார்.

"அக்கா, இருங்க. தொடச்சி எடுத்த குப்ப கீது."

"இன்னா குப்ப?"

"எடுத்த சத்தம். அத தனியா போட்டு வெச்சிருப்பேன். போன வருஷம் வெம்பாக்கத்துல இருந்து ஒருத்தர் அவங்க அப்பா பேசன கேசட்டு குடுத்தாரு. பின்னாடி ஆயில் இன்ஜின் ஓடிகினு இருந்திச்சி. எடுத்துட்டேன். கடையில வந்து நின்னுகினு, அந்த இன்ஜின் எங்கப்பா சம்பாதிச்சி வாங்கினது, அத எங்கடா வெச்சிகிறன்னு ஒரே சண்டை. அன்னிலருந்து குப்பைய நான் அழிக்கறதில்ல."

ரேணுகாதேவி நின்றார். அவர் டிசைன் போடுகிறவர். ஒரு நிறத்தைப் பிரித்து வேறு அடுக்கில் வைத்தால் படம் அழிவதில்லை, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பழையபடி வரும் என்பது அவருக்கு அன்றாட வேலை.

"கெளம்பு."

"இப்பவா? தாய்மாமன் மடியில உக்காந்தாதான்க்கா காது குத்துவாங்க, என் தங்கச்சிய இந்த வீட்டுலதான் குடுத்துகிறோம், நான்தானே தாய்மாமன்."

"ஜல்தி குத்தச் சொல்லு."

காது குத்த ஒன்றரை மணி ஆனது. ஆசாரி ஊசியைத் தேடினார். குழந்தை தூங்கிவிட்டது என்று எழுப்பினார்கள், பிறகு அழுகிறது என்று தூங்க வைத்தார்கள். ரேணுகாதேவி பந்தல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு மணியைப் பார்த்தபடியே இருந்தார். மூன்று முறை காபி கொடுத்தார்கள்.

ஆரணியில் கடையைத் திறந்தபோது நாலரை மணி. பார்த்திபன் சுத்தம் செய்த பதிவையும் குப்பையையும் ஒரே இடத்தில் தொடங்கும்படி அடுக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டினார்.

முதலில் நிஜமான தறி கேட்டது. அந்த நாளில் பக்கத்து வீட்டில் ஓடிய தறி. பிறகு, அதற்கு மேலே, பாட்டு தொடங்கியது. மூன்று குரலும் இருந்தன.

ரேணுகாதேவி முழுதாகக் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறையும்.

"சூப்பரா கீதுக்கா" என்றார் பார்த்திபன். தப்பு செய்தவரின் குரலில் வரும் பாராட்டு அது.

"இல்லடா."

"இன்னாக்கா?"

"நல்லா இல்ல."

நன்றாக இல்லைதான். ரேணுகாதேவிக்கு முதல் முறையே தெரிந்துவிட்டது. இரண்டாம் குரல் முதல் குரலையே நகல் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தது. அடிக்குரலுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை, நான்கு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே வரி எட்டு முறை திரும்பியது. நடுவில் ஒரு ஒன்பது விநாடி மட்டும், மூன்று குரலும் மூன்று வழியில் பிரிந்து போய் ஒன்றாக வந்து சேரும் இடம், அது பரவாயில்லை. மற்றதெல்லாம் பதினைந்து வயதுப் பெண் எண்களோடு மல்லுக்கட்டிய சத்தம்.

அழுகை வரும் என்று பார்த்திபன் பயந்தார். ரேணுகாதேவி போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"இன்னாங்க, என் பாட்டு கெடைச்சிட்சி. நல்லா இல்ல."

"அதான் அப்பவே சொன்னேன்ல" என்றார் அருணகிரி.

"நீங்க சொன்னது தப்பு. கேளுங்க. எனக்கு அப்ப பதினஞ்சு வயசு. நானே போட்ட பாட்டு. எங்க வீட்டு டிவி, எங்க பக்கத்து வீட்டு தறி கூட கேக்குது. சின்ன வயசு ஞாபகம்தான் அத நல்லதா காட்டுதுன்னா, எனக்கு ஒலகத்துலயே இந்தப் பாட்டுதானே ரொம்ப நல்லா கேக்கணும்? கேக்கல. அதே வயசுல, அதே டிவில கேட்ட அவங்க பாட்டு இன்னிக்கி காலைல கேட்டாலும் நல்லா கீது. அப்ப அது வயசு இல்ல. அவங்க நெசமாவே நல்லா போட்டுகிறாங்க."

அருணகிரி கேட்டார்.

"அப்ப நீ இப்ப ஜெயிச்சியா, தோத்தியா?"

"போன வைங்க" என்றார் ரேணுகாதேவி.

அடுத்த பிரச்சினை அனுப்புவதா வேண்டாமா என்பது. அனுப்பாவிட்டால் அந்தப் பதினோரு பேருக்கும் ஆரணியில் ஒருத்தி கனவு கண்டாள் என்றே ஆகிவிடும். அனுப்பினால், கேட்பவர்கள் எல்லாருக்கும் அது சுமார் என்று தெரிந்துவிடும். கடை வாசலில் நின்று அஞ்சே முக்கால் வரை யோசித்தார். பார்த்திபன் "நடுவுல அந்த நல்ல எடத்த மட்டும் வெட்டி குடுக்கட்டுமாக்கா?" என்று ஆசையாகக் கேட்டார்.

"நீ எதையும் வெட்டாத. எதையும் தொடைக்காத. கைய எடு மொதல்ல."

முழுப் பதிவையும் அனுப்பினார். கீழே இப்படி எழுதினார்: "ஐயா, இது 1991-ல் நான் போட்டது. சுமார்தான். சுமார் என்று குறிப்பிட்டே வையுங்கள். இதைக் கேட்டுவிட்டு, இதே மாதிரி மூன்று குரலில் தேர்ந்தவர்கள் போட்டதையும் கேட்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அவர்களுக்கே தெரியும்."

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அன்பழகனிடமிருந்து பதில் வந்தது. "சேர்த்துவிட்டேன் அம்மா. நீங்கள் எழுதியதையும் அப்படியே போட்டிருக்கிறேன்."

அவர் இப்போதும் டிசைன் போடுகிறார். ஹெட்போனில் இப்போதும் அந்த இசைதான். சடையன் இப்போதும் பாக்கெட்டைத் தொடுகிறார். அருணகிரி கொசு என்பதை நிறுத்திவிட்டு வண்டு என்கிறார். எரிச்சல் தீரவில்லை. ஆனால் வயதா, பாட்டா என்ற அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் யாரிடமும் தடுமாறுவதில்லை.

இதைப் படித்தவர்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். பழைய விளையாட்டு இசையை டொய்ங் டொய்ங் என்று சொல்லும் யாராவது உங்கள் வீட்டில் இருப்பார்கள், அவர்களுக்கு ரேணுகாதேவியின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை இருந்தால் அங்கேயும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்டுவிட்டு இன்னொருவருக்குச் சொல்லட்டும்.